பிழியப் பிழிய

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்து இருபத்து மூன்றே நாள். விடியுமுன்பே சின்னவள் சலவைக் கூடத்தில் நின்றாள். ஆஸ்பத்திரி மூட்டைகள் கூரைவரை குவிந்திருந்தன. ஈரப் போர்வையைத் தூக்கியபோது தையல் போட்ட இடம் சுரீரென்றது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"உடம்புல பாதி ரத்தம்தான் இருக்கு, படுத்தே கெட" என்றிருந்தார் டாக்டரம்மா. கூடவே இன்னொன்றும் சொன்னார். அது அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் தெரியும்.

"ஒக்காருடி," என்றாள் பெரியக்கா, கூடத்திலேயே மூத்தவள். "மூஞ்சி வெளுத்த துணியாட்டம் இருக்கு. உன்னையும் மடிச்சு அடுக்கிடப் போறாங்க."

பெரியக்காவின் வெறுங்கை அழுக்குத் துணிக்குள் துழாவிக்கொண்டிருந்தது. போன வருஷத்திலிருந்து கையுறை கிடையாது. துணியில் சிக்கிவரும் ஆஸ்பத்திரி ஊசிகளை உதறித் தேடினால் நேரமாகிறதென்று கான்ட்ராக்டர் அதையும் நிறுத்திவிட்டார். ஊசி குத்தியதாகச் சொன்னால் அன்றைய கூலி போச்சு. அதனால் விரலைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்கிவிட்டு அடுத்த துணியை எடுப்பார்கள். பிள்ளை உண்டான புதிதில் சின்னவளும் அப்படித்தான் முக்கினாள்.

"உன் பிரசவத்தன்னைக்கு ஒரு விரிப்பு வந்துச்சு. பிழியப் பிழிய ரத்தம். எந்த மகராசியோ, பொழைச்சாளோ என்னவோ!"

அது யாருடையதென்று சின்னவளுக்குத் தெரியும். பெரியக்காவின் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் வெடிப்பு. அந்த ரத்தம் அதில் இறங்கியிருக்குமோ? கால் மடங்கி அப்படியே சரிந்தாள்.

இயந்திரங்கள் நின்றன. கான்ட்ராக்டர் ஓடி வந்தார்.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்," என்றாள் பெரியக்கா. "பச்சை உடம்புக்காரிக்குச் சம்பளத்தோட லீவு குடுங்க. எங்களுக்குக் கையுறை குடுங்க. அப்புறம் ஓடும்."

"ஓஹோ! ஊசி குத்தி இதுவரைக்கும் எவளுக்காவது ஏதாவது ஆயிருக்கா? ஒருத்தியைச் சொல்லச் சொல்லு பாப்போம்."

இஸ்திரி போடுகிறவள் பெட்டியைக் கீழே வைத்தாள். மடிக்கிறவர்களும் எழுந்து வந்து சின்னவளைச் சுற்றி நின்றார்கள். பெரியக்கா அவளைத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

சொன்னால் இந்தத் தோள் விலகிவிடுமோ? குடிக்கிற தம்ளர் தனியாகிவிடுமோ? பிள்ளையை யாராவது தூக்குவார்களா? சொல்லாவிட்டால் நாளைக்கும் இவர்கள் வெறுங்கையோடு துழாவுவார்கள்.

"எனக்கு ஆயிருக்கு," என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"பயப்படாம சொல்லுடி. என்னவா இருந்தாலும் நாங்க இருக்கோம்." இடுப்பைச் சுற்றியிருந்த பெரியக்காவின் பிடி இறுகியது.

சின்னவள் கான்ட்ராக்டரை நேராகப் பார்த்தாள்.

"இங்க குத்தின ஊசிதான். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு."