எட்டாம் படத்து மீனவன்

படங்களை ஏற்றிவந்த லாரி பள்ளிக்கூட வாசலில் நின்றபோதே தலைமையாசிரியர் அனந்தமதியைக் கூப்பிட்டுவிட்டார். பிரெஞ்சு அரசாங்கம் அனுப்பிய ஓவியக் கண்காட்சி. புதுச்சேரியில் பத்து நாள் இருந்துவிட்டு, செஞ்சியில் ஒரே ஒரு நாள். மூன்று மணியிலிருந்து பெண்களுக்கு. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தின் கீழே இருப்பதை அவள் வாசித்துச் சொல்ல வேண்டும்.

"உங்களுக்குத்தான் வீட்ல காத்துக்கினு இருக்க ஆள் இல்லையே டீச்சர்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். முப்பத்துமூன்று வருஷமாக ஊரில் எல்லாரும் அதை நல்லெண்ணத்தோடுதான் சொல்லிவருகிறார்கள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கழுத்தில் தாலி இருந்தது. அதைக் கட்டியவர், கல்யாணமான மறு வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், பாரிஸுக்குக் கப்பலேறினார். புதுச்சேரியில் ஒரு ஏற்றுமதிக் கடையில் அவருக்கு வேலை. பாரிஸில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காலனி நாடுகளையெல்லாம் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள், துணிப்பெட்டிகளோடு ஓர் ஆள் போக வேண்டும் என்றார்கள். எட்டு மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவதில், 'பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள வந்தேன். இப்போது எனக்கே தலைப்பாகை கட்டி நிறுத்திவைத்திருக்கிறார்கள். கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது' என்று எழுதியிருந்தார்.

பிறகு ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் கழித்து அங்கிருந்து திரும்பிய ஒருவர், அவர் வெள்ளைக்காரி ஒருத்தியோடு இருக்கிறார், எல்லாம் சாப்பிடுகிறார் என்று சொன்னாராம். எல்லாம் என்ற அந்த ஒரு சொல் போதும். புலால் தொடாத சமண நயினார் குடும்பத்தில் அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. மாமனார் அன்றைக்கே மகனைத் தலைமுழுகிவிட்டார். அனந்தமதியால் முடியவில்லை. விட்டுப்போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டாள். அவர் வேறு ஆளாகிவிட்டாரா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்தால், தன்னோடு அவர் வாழ்ந்த அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொள்வதா எறிந்துவிடுவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்று மணிக்கு முதல் கூட்டம் வந்தது. கூடத்தில் பன்னிரண்டு படங்கள். முதலில் கொடி, அடுத்தது கப்பல். மூன்றாவதில் செஞ்சிக் கோட்டையே இருந்தது. புகைக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் தளபதி வாளை நீட்டிக்கொண்டிருந்தான். காலடியில் முகமில்லாத கறுப்பு உடம்புகள்.

"ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியை வென்றது" என்று வாசித்தாள்.

"நம்ம கோட்டைய புடிச்சிட்டு, நம்மகிட்டயே கொண்டாந்து காட்றான் பாரு" என்றாள் சின்னப்பொண்ணு. மரக்காணம் கடலோரத்தில் பிறந்து செஞ்சிப் பக்கத்து வல்லத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். சந்தையில் கருவாடு விற்பவள். "மலையகூட ஒழுங்கா வரையல. ஜன்னலாண்ட வந்து பாத்துட்டு வரையறதுக்கு இன்னா?"

"சும்மா வாடி. டீச்சருக்குக் கோவம் வரும்."

"அவங்களுக்கு இன்னா கோவம்? அவங்களா கோட்டைய புடிச்சாங்க?"

பெண்கள் சிரித்தார்கள். அனந்தமதியும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். எட்டாவது வந்தபோது களைப்பில் படத்தைப் பார்க்காமலே தாளை வாசித்தாள்.

"புதுச்சேரி மீனவன். பாரிஸ் கண்காட்சி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு. பிரெஞ்சு இந்தியாவின் எளிய, மகிழ்ச்சியான மக்களில் ஒருவன்."

"இவனா மீன் புடிக்கறவன்?" சின்னப்பொண்ணு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "எங்க நைனா பாத்திருந்தா ஒதைச்சிருப்பாரு. வலைய இப்பிடியா புடிப்பாங்க? தண்ணி வடிகட்றவன் மாதிரி புடிச்சிக்கினு நிக்கறான்."

அனந்தமதி நிமிர்ந்து பார்த்தாள்.

முகம் யாருடையதாகவும் இருக்கலாம். தலைப்பாகை நிழலில் பாதி மறைந்திருந்தது, தாடி வேறு. ஆனால் வலையின் இரண்டு முனைகளையும் சுருட்டி, கட்டைவிரல்களை உள்ளே மடக்கி, நடுவில் தொய்வு விட்டுப் பிடித்திருந்த கைகள் இருந்தன. இடது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. சிறுவயதில் கிணற்று ராட்டினத்தில் நசுங்கிய விரல்.

காலையில் அவர் குடத்தின் வாயில் துணியை அப்படித்தான் பிடிப்பார். அவள் தண்ணீரை ஊற்றுவாள். வடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு, மேலே நீர் விட்டு, சிக்கிய சிற்றுயிர்களைக் கிணற்றுக்கே அனுப்புவார். எல்லா நயினார் வீட்டிலும் செய்வதுதான். ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "அதுங்களுக்கு அதான வீடு" என்பார்.

முப்பத்தேழு. அவர் எல்லாம் சாப்பிடுகிறார் என்ற செய்தி வந்து நாலு வருஷம் கழித்து.

கைக்குப் பழக்கம் போகாது, மனசு மாறினாலும் கை பழையபடியே பிடிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்படியும் இருக்கலாம். ஆனால் தினமும் செய்யாத வேலையைக் கை எத்தனை வருஷம் நினைவில் வைத்திருக்கும்?

முதல் கூட்டம் வெளியேறியதும், படங்களோடு புதுச்சேரியிலிருந்து வந்திருந்த ராஜகோபாலிடம் போனாள்.

"எட்டாவது படத்துல இருக்கிறது யாருங்க?"

"யாரோ மாடல்மா. நிக்க வெச்சு வரைவாங்க. வரைஞ்சவர் பேரு கீழ இருக்கு பாருங்க."

"நிக்கிறவர் பேரு?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்க."

"அவர் மீனவர் இல்ல. கீழ எழுதியிருக்கிறத மாத்தணும்."

ராஜகோபால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது அவங்க அரசாங்கத்துப் படம்மா. புதுச்சேரிய விட்டுட்டுப் போனாலும், நம்மள எவ்ளோ நல்லா வெச்சிருந்தாங்கன்னு காட்டத்தான் ஊர் ஊரா எடுத்துக்கினு வரோம். நான் ஒரு எழுத்து மாத்தினா என் வேல போயிடும்." கொஞ்சம் யோசித்தார். "அவர் பேரு இன்னா, சொல்லுங்க."

புருஷன் பெயரை அவளுக்கு வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எழுதியதும் இல்லை, பதில் கடிதங்களில்கூட 'அவர்களுக்கு' என்றுதான் தொடங்கினாள்.

ராஜகோபாலின் கண் அவள் தாலியில் பட்டு விலகியது. மேஜைமேல் இருந்த பார்வையாளர் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "கருத்து எழுதற நோட்டு. எல்லா ஊரும் முடிஞ்சதும் பாரிஸுக்குப் போவும். படிப்பாங்களான்னு கேக்காதீங்க. ஆனா போவும்."

முதல் பக்கத்தில் தலைமையாசிரியர், 'கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அனந்தமதி அதற்குக் கீழே, கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

'எட்டாம் படத்தில் இருப்பவர் மீனவர் அல்லர். பெயர் வாசுபூஜ்யன். ஊர் செஞ்சி. உயிரைக் கொல்லாதவர்.'

எழுதியபிறகு கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று கேட்டிருந்தால் இப்படி எழுதியிருப்பாளா என்று தெரியவில்லை. மை காயும்வரை இருந்துவிட்டு நோட்டை மூடினாள்.

நாலு மணிக்கு இரண்டாவது கூட்டம் வந்தது. கொடி, கப்பல், கோட்டை என்று ஏழு படங்களுக்கும் தாளில் இருந்தபடியே வாசித்தாள். எட்டாவதின் முன்னால் தாளை மடித்துக்கொண்டாள்.

"இவர் தண்ணி வடிகட்டறார்" என்றாள்.

வரிசையில் முன்னால் நின்ற செந்தாமரை படத்தின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள். "கையில வலையில்ல இருக்குது?"

"அது அவங்க குடுத்தது."

"ஆளப் பாத்தா நம்ம பக்கத்து ஆளாட்டம் இருக்குது. உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

செந்தாமரை இன்னும் ஏதோ கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் நெட்டித் தள்ளினார்கள். ஒன்பதாவது படத்தில் பட்டுப்போர்த்திய யானை இருந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அனந்தமதி எட்டாவதின் முன்னாலேயே நின்றாள், யானைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ அவளைக் கூப்பிடும்வரை.