சவுரிமுத்துவின் சம்மனசு

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், 1984 மழைக்காலம் தொடங்கி, தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ரத்தினம் வீட்டுக் கதவைத் தட்டியது அவள் மகனின் காவல் சம்மனசு. மகன் வரவில்லை. தேவதூதரைத்தான் கத்தோலிக்கர்கள் சம்மனசு என்பார்கள். இதற்கு இறக்கை ஒன்றும் கிடையாது. சவுரிமுத்துவின் முகம், சவுரிமுத்துவின் குரல், வீட்டை விட்டுப் போன அன்று அவன் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை. மழையில் நின்றால் நனையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சவுரிமுத்து பிறந்ததுமே அவனைச் சாமியாராக்குவதாக ரத்தினம் நேர்ந்துகொண்டிருந்தாள். குருமடத்தில் சேர்ந்து சில வருஷம் சாமியார் படிப்பு படித்தவன், ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்து, அந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவராது என்றான். "கடவுளுக்குக் குடுத்தத திருப்பி வாங்கிக்கச் சொல்றியா? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினாள் ரத்தினம். கோபத்தில் தாய்மார்கள் ஆயிரம் சொல்வார்கள், பிள்ளைகளும் அடுத்த வேளைச் சோற்றுக்கு வந்து நிற்பார்கள். பாழாய்ப்போன இந்தப் பிள்ளை அவள் பேச்சை மீறியதே இல்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டான். சொன்ன சொல்லை அவன் காதுபடத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அதன்பிறகு அவளுக்கு வேறு ஆசை இல்லை.

அதனால் முதல் நாள் சாயங்காலம் கதவைத் திறந்தவள் பாய்ந்து கட்டிக்கொண்டாள். கைகள் இரண்டும் அவள் மார்பிலேயே வந்து மோதின. கோயில் உபதேசியார் ஞானாதிக்கம் வேதாகமத்தோடு வந்தார். சிறையிலிருந்து தப்பி வந்த பேதுரு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாராம். வேலைக்காரப் பெண் குரலை அடையாளம் கண்டு உள்ளே ஓடிச் சொன்னபோது, வீட்டில் இருந்தவர்கள் அது அவருடைய சம்மனசு என்றார்களாம். அந்த இடத்தோடு அவர் புத்தகத்தை மூடினார். "அவங்கவங்க சம்மனசுக்கு அவங்கவங்க முகம்தாம்மா. பையன் உயிரோடதான் இருக்கான், கவலப்படாத" என்றார். செய்தி பரவி, அஸ்தினாபுரம், பீர்க்கன்கரணையிலிருந்தெல்லாம் மெழுகுவத்தியோடு வந்து முழங்கால் போட்டார்கள். சம்மனசோ, வேண்டாம் என்று கையசைத்துப் பின்வாங்கியது. தூதர்களை வணங்கக் கூடாது, அவர்களும் நம்மைப் போல ஊழியக்காரர்கள்தான் என்று அதற்கும் ஒரு வசனம் எடுத்துக் காட்டினார் உபதேசியார். யாருக்கும் கால் குணமாகவில்லை, வேலை கிடைக்கவில்லை. கூட்டம் தானாகக் குறைந்தது.

ரத்தினம் மட்டும் பல வருஷம் தினமும் திறந்தாள். தினமும் கையை நீட்டினாள், கையில் ஒன்றும் அகப்படவில்லை. நம்பிக்கை ஒரே நாளில் போவதில்லை, சோப்பு மாதிரி தேய்ந்து தேய்ந்துதான் போகிறது. முழங்கால் வலி வந்தபிறகு, "அம்மா" என்ற குரல் கேட்டால் அடுப்படியில் இருந்தபடியே, "வந்துட்டியா ராசா, சரி, போ" என்று சொல்லப் பழகினாள்.

1993-இல் புயல் மழை அடித்த ஒரு சாயங்காலம் வழக்கத்துக்குச் சற்று முன்னதாகவே தட்டும் சத்தம் கேட்டது. "அம்மா" என்றது குரல். வந்துட்டியா ராசா, சரி, போ என்றாள். மறுபடியும் தட்டியது. அவளுக்கு எரிச்சல் வந்தது. "அதான் போன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாள். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெய்னப் பின்வாசல் வழியாக ஓடிவந்தாள். "அக்கா, இன்னிக்கு இன்னா ரெண்டு பேரு? ஒர்த்தரு தாடி நரைச்சு, தொப்பலா நனைஞ்சு பஸ் ஸ்டாப் பக்கம் போறாரு. பின்னாடியே உங்க சம்மனசு போவுது." ரத்தினம் கதவைத் திறந்தாள். வாசப்படிக்குக் கீழே வரைக்கும் சேற்றுக் காலடிகள் வந்து, படியை மிதிக்காமல் திரும்பியிருந்தன. தாம்பரம் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அவள் மழையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் உபதேசியாரை வரவழைத்து அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அன்று மூடிய இடத்துக்கு அடுத்த வரியை அவர் தயங்கித் தயங்கி வாசித்தார். பேதுரு விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார், அவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள், நின்றது பேதுருவேதான். ஞானாதிக்கம் தலை நிமிரவில்லை. ரத்தினம் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கீலோடு பெயர்த்தெடுக்கச் சொன்னாள்.

அதன்பிறகு அந்த வீட்டுக்குள் நாய் வந்தது, சாரல் வந்தது, ஒரு தடவை திருடனும் வந்து போனான். தட்டக் கதவில்லாததால் சம்மனசு நிலைப்படியில் சும்மா நின்றது. ஒரு சாயங்காலம் கேபிள் டிவிக்கு வயர் இழுக்க வந்தவர், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தினார். அது தள்ளி நின்றது. உள்ளே, யார் வந்தாலும் முகத்தைக்கூடப் பார்க்காமல், "உள்ள வாப்பா, மிதிச்சுக்கினு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் ரத்தினம்.