ஓர் அகப்பை மூலநீர்

மனிதன் பொய் சொல்வான், நிலவுகூடப் பாதி நாள் பாதியைத்தான் காட்டும். தண்ணீர் மட்டும் ஒருநாளும் பொய் சொல்லாது. கோரியாமா தங்கமீன் ரசிகர் பேரவையின் கூடத்தில் இந்த வாசகம் ஆளுயரக் காகிதத்தில் தூரிகையால் எழுதி மாட்டப்பட்டிருந்தது. எழுதியவர் பேரவைத் தலைவர் நிஷியோகா தோகுஜி. மேலேயிருந்த ஏர்கண்டிஷனர் ஒழுகி ஒழுகி, வாசகத்தின் கடைசி வரி தாடிபோல இறங்கிவிட்டிருந்தது. ஒழுகலைப் பிடிக்கக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. தலைவர் உள்ளே நுழையும் நேரம் பார்த்து அந்த வாளியைக் காலால் திரைக்குப் பின்னே தள்ளிவிடுவது குவாபாரா யசுநோரியின் பொறுப்பு. பொறுப்பு என்றால் யாரும் கொடுத்ததல்ல, அவராக எடுத்துக்கொண்டது.

குவாபாரா முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் இருந்தவர். உதவி நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்றார். சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி "பச்சை, சரி" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அது பச்சை என்று நம்புகிற உடம்பு. ஓய்வுக்குப் பிறகும் விரல் அடங்கவில்லை. காலையில் எழுந்ததும் கொல்லையில் இருக்கும் மீன்தொட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்று, "வெப்பம், சரி. காற்றுக்குழாய், சரி. மீன், சரி" என்று சுட்டிக்காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் அரிசி களைவார்கள்.

தொட்டியில் இருந்தவை ரன்ச்சு மீன்கள். முதுகுத்துடுப்பு கிடையாது, தலையில் சதை முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும், மேலிருந்து பார்த்துத்தான் அழகைச் சொல்ல வேண்டும். இலையுதிர்காலப் போட்டியில் வெள்ளைப் பேசினில் விட்டு, நடுவர்கள் குனிந்து பார்த்து, சுமோ மல்லர்களுக்குக் கொடுப்பதுபோலப் பட்டம் கொடுப்பார்கள். முதல் பட்டம் கிழக்கு ஓசெகி. பத்து வருஷமாக அந்தப் பட்டம் தலைவர் வீட்டு மீனைத் தவிர வேறு மீனுக்குப் போனதில்லை. பேரவையில் அதை யாரும் அதிசயமாக நினைத்ததும் இல்லை. மூலநீரே அவர் வீட்டில்தானே இருக்கிறது.

மூலநீர் என்பது தலைவர் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் பாய் போர்த்திய ஒரு கறுப்புச் சாடியில் இருந்த பச்சைத் தண்ணீர். கோட்டைப் பிரபுவின் காலத்தில், சம்பளம் போதாமல் தங்கமீன் வளர்த்த ஒரு போர்வீரனின் தொட்டியிலிருந்து தலைவரின் ஆசானுக்கு ஆசான் மொண்டு வந்ததாம். அன்று முதல் ஒருநாளும் வற்றவிடாமல் காத்து வந்ததாம். மார்ச் மாதம், குளிரில் தொட்டியின் அடியில் கிடந்த மீன்கள் அசையத் தொடங்கும் வாரத்தில், உறுப்பினர் பதினான்கு பேரும் ஆளுக்கொரு பாட்டிலோடு அந்தக் கொல்லையில் வரிசையாக நிற்பார்கள். தலைவர் மூங்கில் அகப்பையால் மொண்டு, முதலில் தன் உதட்டில் வைத்து, கண்ணை மூடி, "இனிப்பு" என்பார். பிறகு அகப்பை கைமாறும். ஒவ்வொருவரும் வாயில் வைத்து, கண்ணை மூடி, "இனிப்பு" என்று சொல்லிவிட்டு, குனிந்து வணங்கி, மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றிக்கொள்வார்கள். அதை வீட்டுத் தொட்டியில் விட்டால் வெயிலானாலும் மழையானாலும் தண்ணீரின் குணம் மாறாது என்பது பேரவையின் அசைக்க முடியாத கொள்கை. தண்ணீரின் புளிப்பை நிறத்தால் காட்டும், கடையில் விற்கும் பரிசோதனைத் தாளை உள்ளே கொண்டுவரவே தடை. தாள் தண்ணீரைப் பார்க்கும், நாம் மீனைப் பார்க்கிறோம் என்பார் தலைவர். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

குவாபாராவின் மனைவி ஹருயே ஒரு நடுநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் குடுவை கழுவியவள். மார்ச் மாதம் அவர் பாட்டிலோடு திரும்பி வரும்போதெல்லாம் தவறாமல் கேட்பாள்.

"இந்த வருஷமும் இனிப்பாத்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"உங்க தலைவர் நாக்கு நாக்கில்லைங்க, ஆய்வுக்கூடம்."

உண்மையில் அது குட்டையில் அலசிய கீரைபோல இருக்கும். தன் நாக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று குவாபாரா நினைத்துக்கொள்வார்.

பதினொரு வருஷம் அவர் மீன்கள் பேசினில் நின்றன, பட்டியலின் கடைசி வரியில் பெயர் வந்தது, வீட்டுக்கு வந்தன. பன்னிரண்டாவது வருஷம் அகாமாரு வந்தது. வால் விரித்தால் விசிறி, தலை பார்த்தால் சிங்கம், திரும்பினால் தேர் திரும்புவதுபோல ஒரு நிதானம். ஜூலையில் உறுப்பினர்கள் வீடு வீடாக வந்து மீன் பார்க்கும் நாளில், தலைவர் குவாபாராவின் தொட்டிக்கு மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. மற்றவர்கள் பார்லித் தேநீர் குடித்துமுடித்துக் கோப்பையை வைத்துவிட்டார்கள். அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

அடுத்த நாள் தலைவரிடமிருந்து தனியாக அழைப்பு வந்தது. பின்கதவு வழியாக வரச் சொன்னார். மார்ச்சில் மட்டுமே தரும் மூலநீரை ஜூலையில், அதுவும் இரண்டு பாட்டில், துணியில் சுற்றித் தந்தார். கூடவே ஓர் அறிவுரை. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறாயே, அதை இனி நிறுத்து என்றார். அது கற்றுக்குட்டிகளுக்கு. தலைச்சதை முற்ற வேண்டுமானால் தண்ணீரும் முற்ற வேண்டும். வற்றுகிற அளவுக்கு மட்டும் ஊற்று, போட்டி முடியும்வரை பழைய தண்ணீரைத் தொடாதே.

"இத எல்லார்கிட்டயும் சொல்றதில்ல, குவாபாரா. நீ அந்தப் படிக்கு வந்துட்ட."

அன்று வீடு திரும்பும்போது குவாபாரா சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். அவ்வளவு பெரிய வார்த்தையைச் சுமந்துகொண்டு மிதிப்பது மரியாதையாக இல்லை.

ஆகஸ்டு முழுக்கத் தண்ணீரை மாற்றவில்லை. செப்டம்பரிலும் இல்லை. அகாமாருவுக்குத் தலைச்சதை ஏறியது என்றே அவருக்குப் பட்டது. பிறகு அது தீனியைத் துப்பத் தொடங்கியது. பிறகு மூலையில் போய் அடியோடு ஒட்டிக் கிடந்தது. தலைவருக்குத் தொலைபேசி செய்தார். தண்ணீர் பழுக்கும்போது மீனும் தியானத்தில் உட்காரும், பொறு என்றார் தலைவர். குவாபாரா மறுநாள் காலையிலும் "மீன், சரி" என்று சுட்டிக்காட்டினார். குரல் மட்டும் பக்கத்து வீடு வரை போகவில்லை.

அக்டோபர் நடுவில் ஒருநாள் அவர் முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து ஹருயே கடையில் வாங்கிய பரிசோதனைத் தாளைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துவிட்டாள். வந்ததும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். தாள் ஊறுகாய் முள்ளங்கிபோல மஞ்சளாக இருந்தது.

"புளிச்சுப் போச்சுங்க. தண்ணியில இருந்த காரமெல்லாம் தீந்துபோச்சு. இந்தப் புளிப்புல கசடு திங்கற நுண்ணுயிர் வேலை செய்யாது. மீன் போடற கழிவு அப்படியே தேங்கி நிக்குது."

"கழிவு நின்னா மீன் இன்னேரம் செத்திருக்கணுமே?"

"புளிப்புல அந்த விஷம் தூங்கும். அதுதான் ஆபத்து. ஒரு நாளைக்கு ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு, அப்படி மாத்துங்க. சிப்பி ஓடு கொஞ்சம் பையில கட்டிப் போடுங்க. அவசரப்பட்டு மொத்தமா மட்டும் மாத்திடாதீங்க."

தாளை வீட்டுக்குள் கொண்டுவந்ததே துரோகம் என்று குவாபாரா கத்தினார். அவள் தாளைக் குப்பையில் போட்டாள். இந்த மனுஷனை வளைக்கறதுக்கு இரும்புக் கம்பிய வளைச்சிடலாம் என்று முணுமுணுத்துக்கொண்டு அரிசி களையப் போனாள். ஆனாலும் அவருக்கு உறுத்தியது. தலைவரை நேரில் பார்த்து இன்னொரு பாட்டில் மூலநீர் வாங்கிவந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு பெட்டி பெர்சிமன் பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்த ஊரில் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது வழக்கமில்லை. அவரும் வாழ்க்கையில் அன்று ஒருமுறைதான் சொல்லாமல் போனார்.

தலைவர் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. நிஷியோகா தோகுஜி அரைக்கால் சட்டையோடு, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். வைக்கோல் பாய் செடிமேல் காய்ந்தது. கறுப்புச் சாடி காலியாகித் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது; அதற்குள் குழாயிலிருந்து பச்சை ரப்பர் ஹோஸ் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துத் திண்டில் குளோரின் போக்கும் ஹைப்போ கட்டிகள் ஒரு டப்பா, வலைப்பையில் சிப்பி ஓடு, கடைசியாக, பாதி தீர்ந்த பரிசோதனைத் தாள் பாட்டில். போட்டி மீன்கள் இருந்த தொட்டியின் விளிம்பில் ஒரு பள்ளிக்கூட நோட்டு திறந்து கிடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தேதி, மாற்றிய தண்ணீரின் அளவு, தாளின் நிறம். ரயில்வேயில்கூட அவ்வளவு ஒழுங்கான பதிவேட்டைக் குவாபாரா பார்த்ததில்லை.

குவாபாராவுக்கு விரல்தான் முதலில் எழுந்தது. சாடியைச் சுட்டினார்.

தலைவர் ஹோஸை மூடவில்லை. "பத்து நாள் வெயில்ல வெச்சா எந்தத் தண்ணியும் பச்சையாயிடும்" என்றார், பருவநிலையைப் பற்றிச் சொல்வதுபோல. "கோடையில நாத்தம் வரும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கழுவித்தான் ஆகணும்."

"அப்ப என்னை ஏன் மாத்த வேணாம்னீங்க, ஐயா?"

தலைவர் கொஞ்ச நேரம் தண்ணீர் நிறைவதைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. ஏனோ சொல்லவில்லை.

"உன் மீன் நல்ல மீன்" என்றார். "பெர்சிமனா அது? உள்ள வெச்சிட்டுப் போ."

குவாபாரா உள்ளே வைத்துவிட்டுத்தான் போனார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். செருப்பைக்கூட ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டு ஏறி, பெட்டியை வைத்து, குனிந்து வணங்கிவிட்டு வந்தார். தெருமுனை வந்ததும்தான் கோபம் வந்தது.

வந்த கோபம் சைக்கிளை வீடுவரை மிதித்தது. தொட்டியில் இருந்த அந்தத் துரோகியின் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தன் வீட்டில் இருக்கக் கூடாது. வாளி வாளியாக இறைத்துத் தோட்டத்தில் கொட்டினார். பாதி இறைத்ததும் மூச்சு வாங்கியது. மீதியை விட்டுவிட்டு, ஹைப்போ கட்டியைப் போட்டு, குழாயைத் திறந்து விளிம்புவரை புதுத் தண்ணீர் நிரப்பினார். ஹருயே சந்தையிலிருந்து வந்தபோது அவர் தொட்டிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. அகாமாரு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பசிக்கிறது போல என்றார்.

ஹருயே பையைக் கீழே போட்டாள். "தூங்கினத எழுப்பிட்டீங்களே" என்றாள். பாதித் தண்ணீரில் மிச்சமிருந்த விஷம், புளிப்பு போனதும் விழித்துக்கொண்டிருந்தது. ஒரு பேசினில் தனித் தண்ணீர் எடுத்து, மீனை அதில் விட்டு, கையால் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அகாமாரு பக்கவாட்டில் சாய்ந்தது. மறுநாள் காலை கொல்லையில் யாரும் எதையும் சுட்டிக்காட்டவில்லை. பக்கத்து வீட்டில் அரிசி தாமதமாகக் களையப்பட்டது.

போட்டி நவம்பர் முதல் ஞாயிறு, பேரவைக் கூடத்தில். குவாபாரா மீனில்லாமல், கோட்டும் டையுமாகப் போனார். கிழக்கு ஓசெகி பட்டம் வழக்கம்போலத் தலைவர் மீனுக்கு. பரிசைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க நிருபரோடு தலைவர் வெளியே போன பிறகு, மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். குவாபாரா எழுந்து நின்றார். அன்று அவர் தள்ளாத வாளி திரைக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. கறுப்புச் சாடி, ஹோஸ், தாள், நோட்டு எல்லாவற்றையும் வரிசையாக, விபத்து அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். நம் பதினான்கு பேரையும் இத்தனை வருஷம் ஏமாற்றியிருக்கிறார் என்று முடித்தார்.

யாரும் சாப்பிடும் குச்சியைக் கீழே வைக்கவில்லை. ஒருவர் இருமினார். தோஃபு கடை இஷிமோரி, பேரவையில் குவாபாராவுக்கு நெருங்கியவர், அவர் கோட்டு நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

"உக்காருங்க, குவாபாரா சான். சோறு ஆறிடும்."

"உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?"

"தெரியுமே" என்றார் இஷிமோரி. "எல்லாருக்கும் தெரியும். எங்க எல்லார் வீட்டுலயும் தாள் இருக்கு. இல்லாம எப்படிங்க மீன் வளக்கறது? பாட்டில் தண்ணியப் போற வழியில ஓடையில ஊத்திடுவோம்."

"என்கிட்ட ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

இஷிமோரிக்கு உண்மையாகவே புரியவில்லை. "இதையெல்லாம் வாயால சொல்லுவாங்களா? பாத்தாலே தெரியற விஷயம். நீங்களும் எங்கள மாதிரிதான்னு நெனச்சோம். வாளியத் தள்ளுவீங்களே."

குவாபாரா உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார். பொரித்த இறால் இரண்டு இருந்தன. தலைவரைவிட குனிந்து சாப்பிட்ட இந்தப் பதின்மூன்று முதுகுகளும்தான் அவருக்கு வலித்தன. இஷிமோரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அப்படியானால் மார்ச்சில் அகப்பையை வாயில் வைக்கிறீர்களே என்று கேட்டார்.

இஷிமோரி உதட்டை இறுக மூடி, அகப்பை பிடிப்பதுபோலக் கையைச் சாய்த்துக் காட்டினார். உதட்டுக்கு அந்தப்பக்கம் யாரும் விடுவதில்லையாம்.

குவாபாரா பன்னிரண்டு வருஷமும் விழுங்கியிருந்தார்.