அசீம் பாய்க்குத் தெரியாமல் போனவர்கள்

2005ஆம் வருடம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த அசீம் பாயின் கண்ணுக்குச் சலூன்காரர் தெரியாமல் போனார். மற்றவர்களுக்குத் தெரிந்தார், பேச்சும் கேட்டது. பாய்க்கு மட்டும் கத்திரியும் சீப்பும் காற்றில் தாமாக வேலை செய்தன. ஒரு பக்கக் கிருதா சற்று ஏறியிருந்தது. அந்தக் கையில் அது எப்போதும் ஏறுவதுதான் என்பதால் அவர் பெரிதுபடுத்தவில்லை. அடுத்து தையல்காரர் போனார், மிஷின் மட்டும் ஓடியது. ஐப்பசி மழைக்குள் பூக்கடை பாஞ்சாலியும் மருந்துக்கடைக்காரரும் போனார்கள். பாய் வெற்றுக் கல்லாவுக்கு முன்னால் நின்று காய்ச்சல் மாத்திரை கேட்டார், மாத்திரை வந்தது. மனிதன் எதற்குத்தான் பழகிக்கொள்ள மாட்டான்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பக்கத்துக் கடையில் பிரவுசிங் சென்டர் நடத்திய லுக்மான். ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று அவர் இன்டர்நெட்டில் ‘நம்மூர் மேடை’ என்று ஒரு பக்கம் திறந்து வைத்திருந்தார். சொந்தப் பெயரில் யாரும் எழுதுவதில்லை, எழுதினால் மறுநாள் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். அந்த வருடம் மேடையில் இருந்த ஒரே வழக்கு, பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோவதா வேண்டாமா என்பது. பஜாரில் பஸ் ஊர்ந்து வருவதற்குள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடுகிறது என்றார்கள் பெருநகர், மானாம்பதிப் பக்கத்துக்காரர்கள். அங்கிருந்து தினம் வந்து பஜாரில் பிழைத்த சலூன்காரர் போன்றவர்களும் அவர்கள் பக்கம்தான். பஸ் போனால் பிழைப்பும் கூடவே போகும் என்றார்கள் கடைக்காரர்கள். அசீம் பாய் ‘நடுநிலையான்’ என்று பெயர் வைத்துக்கொண்டு கடைக்காரர் பக்கம் நின்று அடித்தார்.

அவருடைய மனைவி சாய்ரா மவுத்தாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் ஷப்ரீன் ஆம்பூரில் மருமகள். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்தால் வீட்டில் சுவரும் அவரும்தான். ஆகவே லுக்மான் கடையில் உட்கார்ந்து ஜெயித்தார். எதிராளி எழுதியதில் முதல் வரிக்கு மேல் படிக்க மாட்டார். எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்து அங்கேயே அடிப்பார். அடி வாங்கியவர் அதன்பிறகு மேடைக்கு வருவதில்லை. மறுநாள் காலை பாயின் கண்ணிலிருந்து ஊரில் ஒரு ஆள் குறையும்.

“நீங்க யாரைத் திட்டுறீங்களோ அவங்கதான் பாய் காணாப் போறாங்க. கொஞ்சம் அடக்கி வாசிங்க” என்றார் லுக்மான்.

“வாதத்துல நிக்கத் துப்பில்லாதவன் கண்ணுக்குத் தெரிஞ்சா இன்னா, தெரியாங்காட்டி இன்னா?” என்றார் பாய்.

அவருக்கு ராஜாராம் இருந்தார், அந்தத் தெம்புதான். பெருநகரில் நெல் பயிர் வைக்கும் ராஜாராம், மோட்டாருக்கு வயர் வாங்க வந்த நாளிலிருந்து இருபது வருட சிநேகம். அவருக்கும் மனைவி இல்லை. சாயங்காலம் ஏதாவது ஒரு சாக்கில் பஸ் ஏறி வந்துவிடுவார். அம்முலுவின் டீக்கடை பெஞ்சில் இருவரும் குந்திக்கொண்டு மழையையும் உர விலையையும் பேசுவார்கள். பஸ் ஸ்டாண்டு பேச்சை மட்டும் எடுப்பதில்லை. சம்பந்தி வீட்டில் சீர் பேச்சை எடுக்காத மாதிரி இருவருமே அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

தை மாதம் மேடையில் ‘மடைக்காரன்’ என்று ஒருவர் வந்தார். விரல் தேடித் தேடி எழுதுகிறவர் போல, வாரத்துக்கு ஒரு தடவை நான்கு வரிதான். அவர் ஒவ்வொரு தடவையும், ‘நீங்க சொல்றது இன்னான்னா’ என்று ஆரம்பித்து, நடுநிலையான் சொன்னதையே திருப்பிச் சொன்னார். கடைக்காரன் பஸ்ஸை நம்பி ஆயுசைப் போட்டிருக்கிறான், அது நகர்ந்தால் இந்த வயதில் அவன் எங்கே போவான், நீங்க கேட்பது அதுதானே என்று கேட்டார். சரியா, தப்பா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். தன் கட்சியைச் சொல்லவே இல்லை.

பஜாரில் ஒருவன் பேச்சை அவனுக்கே திருப்பிச் சொன்னால் அதற்குப் பெயர் பழிப்புக் காட்டுவது. குழந்தைகள்கூட அதற்கு அடி வாங்கும். மூன்றாவது தடவை பாய்க்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. ‘உன் வூட்டுல உன் பேச்சக் கேக்க ஒரு நாதி இல்ல, அதான் இங்க வந்து கிளிப்பிள்ளை மாதிரி ஒளறிக்கினு கீற’ என்று அடித்தார். அனுப்பியும் விட்டார். அது தன்னைத் தானே திட்டிக்கொண்டது என்பது அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெஞ்சில் ராஜாராம் இல்லை. டீ கிளாஸ் ஒன்று மட்டும் பெஞ்சிலிருந்து எழும்பி, சாய்ந்து, காலியாகிக் கீழே இறங்கியது. பாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா பாய் இப்படிப் பாக்கறீங்க? அவரு பக்கத்துலதான குந்திக்கினு கீறாரு. பேசறாரு பாருங்க” என்றாள் அம்முலு.

“இன்னா சொல்றாருன்னு எனக்கு நீ சொல்ல வாணாம்” என்றார் பாய். கூடவே இருந்து பழிப்புக் காட்டினானே என்ற ரோஷம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. மூன்று வருடம் அந்தப் பெஞ்சில் கிளாஸ் தினமும் எழும்பி இறங்கியது. அந்த மூன்று வருடமும் பாயைப் போலத் தனியாக இருந்தவர் உத்திரமேரூரில் இல்லை. பாதிக்கு மேல் அவர் திட்டியவர்களே நிறைந்த பஜாரில் வெறும் செருப்புச் சத்தத்துக்கு நடுவே நடந்து போனார்.

2009 பங்குனியில் கிளாஸ் எழும்பவில்லை. பெருநகரில் பாடையைத் தூக்கியபோது பாயும் கூடவே நடந்தார். அவர் கண்ணுக்குப் பாடையில் மாலைகள் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவர் மாலையைப் பார்த்து அழுதார்.

ராஜாராமின் மகள் சசிரேகா அவருக்கு நாற்காலி போட்டாள். அவளை அவர் திட்டியதில்லை, அதனால் தெரிந்தாள்.

“அப்பா பழிப்புக் காட்டல மாமா. எங்கூருல ஏரித் தண்ணி வழக்கு பேசற முறை அப்படித்தான். எதிராளி கொறைய மொதல்ல நாம சொல்லணும், அவரு ‘ஆமா, அதான்’னு ஒத்துக்கணும். அப்பாலதான் நம்ம கொறையச் சொல்ல முறை வரும். அப்பா உங்க ‘ஆமா’வுக்குத்தான் காத்துக்கினு இருந்தாரு.”

“நடுநிலையான் யாருன்னு அவருக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும். தெரிஞ்சிதான் தெனம் வந்து பக்கத்துல குந்தினாரு.”

பாய் அன்றே லுக்மான் கடைக்குப் போய் மேடையின் பழைய பக்கங்களை முதல் வரியைத் தாண்டிப் படித்தார். பிறகு சொந்தப் பெயரில் எழுத ஆரம்பித்தார். சலூன்காரர் சொன்னதை, சலூன்காரர் வாய்க்கே ருசிக்கிற மாதிரி எழுதிக் காட்டி, ‘சரியா?’ என்று கேட்டார். லுக்மான் சலூனுக்குப் போய்ச் சொல்லிவிட, இரண்டு தடவை ‘தப்பு’ என்று வந்தது. மூன்றாவது தடவை ‘ஆமா, அதான்’ வந்தது. மறுநாள் சலூனில் ஆள் தெரிந்தார், தலை நன்றாக நரைத்துப் போய். தையல்காரர் வந்தார். பாஞ்சாலி ஒரு பேரக் குழந்தையோடு வந்தாள். இப்படி முறை வைத்துப் பேசியதில் பஸ் ஸ்டாண்டு வழக்கும் தீர்ந்தது. காலை பஸ்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊர் எல்லையிலேயே இறக்கிவிட்டு அப்புறம் பஜாருக்குள் வருவது என்று ஆயிற்று. இவ்வளவு சுலபமா என்று ஊருக்கே கொஞ்சம் வெட்கம்.

மடைக்காரனுக்கும் எழுதினார். பனியில் நடந்து வந்து பஸ் பிடித்தும் வகுப்புக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளைப் பற்றி, ராஜாராம் சொல்லாமல் விட்டதைத் தானே யோசித்து, அவர் மகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். ‘சரியா?’ என்று முடித்தார். தப்பு என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

அடுத்த வருடம் லுக்மான் கடையை மூடினார். கம்ப்யூட்டர்களைக் கழற்றும்போது, கடைசி ஒன்றில் மேடையைத் திறந்து பார்த்துவிட்டு பாயைக் கூப்பிட்டார். மடைக்காரன் பெயரில் ஒரு வரி வந்திருந்தது. ‘ஆமா பாய், அதான். இப்ப நீங்க சொல்லுங்க.’ லுக்மான் ஆச்சரியப்படவில்லை. ராஜாராம் எப்போதுமே மெதுவாகத்தான் எழுதுவார் என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டப் போனார்.

பாய் டீக்கடைக்குப் போய் பெஞ்சின் ஓரத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அம்முலு கேட்காமலே இரண்டு கிளாஸ் வைத்தாள். ராஜாராம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது வேறு யாருக்கும்தான் தெரியவில்லை, அந்த வகையில் அவரும் ஊரும் ஒன்று. பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் போய்விட்டால் இந்தப் பெஞ்சுக்கு நீ எப்படி வருவாய், அந்தப் பயத்தில்தான் அப்படிப் பேசினேன் என்று தன் கட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். முழுசாகச் சொல்லி முடித்தபோது பெருநகர் பஸ் கிளம்பிப் போயிருந்தது. அம்முலு இரண்டு காலி கிளாஸையும் எடுத்துக் கழுவி வைத்தாள்.