கட்சி இல்லாத நிறம்

2011 சித்திரையில் நாங்கள் சிதம்பரத்தில் ‘ஆறு கட்டை’ என்றொரு இசைப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். நான் ஆசிரியர், எழிலன் துணையாசிரியர். வாசகர்களும் ஏறக்குறைய நாங்கள்தான். அந்த மாத அட்டைக்கு எழிலனின் அப்பா பொன்னுரங்கத்தைப் போடுவதாக முடிவானது. மேல்பட்டாம்பாக்கத்தில் பேண்டு செட்டு வைத்திருப்பவர், கிளாரினெட் வாசிப்பார். நுரையீரலில் நீர் கோத்து ஐந்து மாதம் படுத்திருந்தார். இனி ஊதமாட்டார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எழுந்துவிட்டார், ஊதுகிறார் என்று நாலு பேருக்குத் தெரிந்தால்தான் மறுபடி கல்யாணங்களுக்குக் கூப்பிடுவார்கள். திருவந்திபுரத்தில் வைகாசி முகூர்த்தம் ஒன்று மட்டும் கையில் இருந்தது.

செட்டின் சிவப்புக் கோட்டு, நீலப் பேண்ட்டோடு படம் எடுத்தேன். கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். கடலூர் அச்சகக்காரர் தட்சிணாமூர்த்தி அதைக் கணினியில் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

“செவப்பும் நீலமுமா? ஓட்டு இன்னும் எண்ணலப்பா. என் கடைக் கண்ணாடி ஒடஞ்சா நீ வந்து நிப்பியா?”

“கோட்ட மஞ்சளாக்கிடலாமாண்ணே?”

“அதுக்கு இன்னொரு கோஷ்டி வரும்.”

பச்சைக்கும் ஒரு கொடி இருந்தது. காவியைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. ரோஸ் போட்டுப் பார்த்தோம். பொன்னுரங்கம் சோப்பு விளம்பரத்தில் தெரியாமல் மாட்டிக்கொண்டவர் போலிருந்தார்.

“கறுப்பு வெள்ளயில போடு தம்பி. வம்பே இல்ல.”

“அப்பா கலர்ல கேட்டாருடா” என்றான் எழிலன்.

“இதுதான் மச்சான் கிளாஸு” என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். களைத்துப்போய் ஒப்புக்கொண்டான்.

அதே அட்டையைப் பெரிதாக்கி, நெல்லிக்குப்பத்திலிருந்து மேல்பட்டாம்பாக்கம் வரை சுவரில் ஒட்டினோம். கறுப்பு வெள்ளையில் கண் மூடிய முகம், சுற்றிலும் கறுப்புக் கட்டம், கீழே பெயர், தேதி. எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு போஸ்டரைப் பார்த்தால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாம் நாள் நான் எழிலன் வீட்டில் இருந்தபோது, திருவந்திபுரம் கல்யாணத்தின் பெண்ணைப் பெற்றவர் தேவநாதன் ரோஜா மாலையோடு வந்தார். நாற்காலியில் பொன்னுரங்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே… நீங்க…”

“வாங்க. என்ன, மாலையெல்லாம்?”

தேவநாதன் என்னைப் பார்த்தார். நான் எழிலனைப் பார்த்தேன். எழிலன் சுவரைப் பார்த்தான்.

“போஸ்டர் பாத்தோம்ணே. முகூர்த்தம் கிட்டக்க வந்துடுச்சி. பண்ருட்டி செட்டுக்குச் சொல்லிட்டோம்.”

பொன்னுரங்கத்துக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து கிளாரினெட்டை எடுத்தார்.

“ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்க.”

ஊதினார். உண்மையிலேயே நன்றாக ஊதினார். ஒரே ஓரிடத்தில் மூச்சு நின்று, திரும்ப வந்தது. தேவநாதன் கைகட்டித் தலைகுனிந்து, துக்கம் விசாரிக்க வந்தவராகவே நின்று கேட்டார்.

“எப்பிடி?”

“நல்லா இருக்குண்ணே. ஆனா அவுங்க தேதிய எழுதிக்கிட்டாங்க.”

அப்படிக் கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது. நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

பொன்னுரங்கம் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். மூச்சு இன்னும் அடங்கவில்லை. ‘ஒக்காருங்க மாமா’ என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி.