ஹார் மாதத்து மீன் எண்ணெய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டிலிருந்து குல்னாஸ் தலைமேல் பனி விழுந்ததே இல்லை. இருபத்தாறு வயதில் பாகிஸ்தானின் காரியானிலிருந்து ஓஸ்லோவில் வந்து இறங்கியபோது அவளுடைய பஞ்சாப் வெயிலும் கூடவே வந்துவிட்டது. அவளைச் சுற்றி இரண்டு கஜம்; அதற்கு மேல் ஒரு விரற்கடை கிடையாது. ஃபூருசெட் குடியிருப்பில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவள் பக்கத்தில் நிற்கப் போட்டி போட்டார்கள், அவ்வளவுதான்.

மகள் தஹ்மீனா இங்கேயே பிறந்தவள். அம்மா மடியில் இருந்தவரை வெயில். இறங்கி நடந்ததும் ஊருக்கெல்லாம் பெய்த பனி அவள்மேலும் பெய்தது. வெயில் பற்றாக்குறைக்கு, பெயரில் 'ர்' வருகிற மாதங்களில் பிள்ளைக்கு மீன் எண்ணெய் கொடு என்றாள் எதிர்வீட்டு போர்கில்ட். குல்னாஸ் தனக்குத் தெரிந்த பஞ்சாபி மாதங்களை விரல்விட்டு எண்ணினாள்: சேத்தர், ஹார், பாத்ரோன், மக்ஹர். உள்ளூர்க் கணக்கில் எட்டு. இவள் கணக்கில் நான்கு. ஹார் வந்து விழும் ஜூலை வெயிலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் குடித்த பிள்ளை, ஜனவரி முழுக்கச் சும்மா திரிந்தது.

தஹ்மீனா பள்ளி ஆசிரியை ஆனாள். முப்பத்தொன்றாம் வயதில் அவளுடைய இடது கால் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. நரம்பின் மேலுறை அரிக்கும் நோய் என்றார் டாக்டர். வளர்ந்தபின் இங்கே வருகிறவர்களுக்கு அது அபூர்வம், இங்கே பிறக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கோ ஊர்க்காரர்கள் அளவுக்கு வருகிறது, ஏன் என்று இன்னும் தேடுகிறோம் என்றார். குல்னாஸ் தேடவில்லை. தன் எண்ணெய்க் கணக்குத் தப்பியதுதான் காரணம் என்று முடிவுகட்டி மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"டாக்டருக்கே தெரியாததை நீ ஏம்மா தலையில தூக்கிப் போட்டுக்கிற?" என்றாள் தஹ்மீனா. "எனக்குச் சோறு போடு. மே பதினேழுக்குக் கொடி தூக்கணும்."

தேசிய நாள் ஊர்வலத்தில் பள்ளிக்கொடி எப்போதும் அவள் கையில்தான். இந்த முறை வேறு யாராவது தூக்கட்டுமே என்று தலைமையாசிரியர் பதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை. அன்றைக்கென்று பனி கொட்டியது. தெரு வழுக்கியது, இடது கால் இழுத்தது. ஓரமாக நின்ற குல்னாஸ் யாரையும் கேட்காமல் இறங்கி மகளுக்கு ஓரடி முன்னால் நின்றாள்.

"நீ கொடியைப் பாரு. தரையை நான் பாத்துக்கிறேன்."

"வேகமா நடக்காதம்மா, பின்னாடி நொண்டி வர்றா."

தெருவின் நடுவே இரண்டு கஜம் காய்ந்துகொண்டே போனது. அதன்மேல் தஹ்மீனா கொடி சாயாமல் ஊர்வலம் முடியும் மன்னர் அரண்மனைவரை நடந்தாள். குல்னாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. என் மகள், என் மகள் என்று இருபுறமும் சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த ஆண்டு பள்ளி அச்சடித்த ஊர்வலப் பட்டியலில் தஹ்மீனாவுக்கு மேலே குல்னாஸின் பெயர் இருந்தது. பொறுப்பு என்ற கட்டத்தில், வெயில் என்று போட்டிருந்தார்கள்.