கத்ரீனா மலையும் கறுப்பு ஆடும்

என் வீட்டுக்காரர் ஸ்வைலிமும் அவருடைய பெரியப்பா மகன் ஃப்ரைஜும் ஏழு வருடம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் நிலமா, கிணறா என்று கேட்பீர்கள். அதெல்லாம் இருந்தால்கூட நான் சகித்திருப்பேன். காரணம் மலை.

கெய்ரோவிலிருந்து மலையேற வந்த ஒரு கூட்டத்துக்கு எங்கள் வீட்டில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். உம் ஷோமர் மலைதான் எகிப்திலேயே உயரம் என்று ஃப்ரைஜ் அவர்களிடம் சொன்னார். அவருடைய தாய்வழித் தோட்டம் அந்தப் பக்கம், அதனால் அந்தப் பாசம். என்னவர் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் தோட்டம் கத்ரீனா மலையில் ஆயிற்றே, வாய் அடங்குமா?

"அண்ணே, உங்க மலை எங்க மலைக்கு இடுப்பு வரைக்கும்தான் வரும்" என்றார்.

உண்மையில் வித்தியாசம் ஐம்பது மீட்டர்தான். வந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஃப்ரைஜ் கையிலிருந்த கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆட்டுப்பட்டிதான். ஆனாலும் அதன்பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

போன தை மாதம் மலை உச்சியில் மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. பனி பெய்தால்தான் எங்கள் தோட்டத்துத் தொட்டிக்குத் தண்ணீர். வாய்க்காலில் கல் மண் அடைந்திருந்தால் உருகும் தண்ணீரெல்லாம் வீணாகப் போய்விடும். அதைச் சுத்தம் செய்யக் காலையிலேயே ஸ்வைலிம் தனியாக மேலே போனார். "மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மத்தியானத்துக்குள் பனி வந்துவிட்டது. அவர் வரவில்லை.

அன்று இரவைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. விடிந்ததும் நானும் என் தம்பி ஹ்மெய்தும் கிளம்பினோம். பாதி வழியில் இருக்கும் கௌதாரி ஊற்றுக்கு மேலே பாதையே தெரியவில்லை, பனி இடுப்பளவு கிடந்தது. இனி ஆள் சேர்த்துக்கொண்டுதான் ஏற முடியும் என்று தம்பி என்னைக் கீழே இழுத்துக்கொண்டு வந்தான். ஆள் சேர்க்க நேரம் ஆகும், அதுவரை அவர் தாங்குவாரா என்று மட்டும்தான் என் மனதில் ஓடியது. இருபத்திரண்டு வருடம் அந்த மனிதனோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சண்டைகூட நினைவுக்கு வரவில்லை.

நண்பகலில் ஹ்மெய்த் பாறைமேல் ஏறி நின்று கத்தினான். "அக்கா, வடக்குச் சரிவுல பாரு! ஒரு ஆளு வர்றான். இல்ல, ரெண்டு ஆளு!"

ஓர் ஆள்தான் நடந்துகொண்டிருந்தார். இன்னோர் ஆள் அவர் முதுகில் இருந்தார். நடந்தவர் ஃப்ரைஜ்.

வாய்க்காலில் கால் வழுக்கி ஸ்வைலிமுக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது. தவழ்ந்தே தோட்டத்துக் குடிசைக்குள் போயிருக்கிறார். தீப்பெட்டி நனைந்துபோயிருக்கிறது. ஃப்ரைஜ் போய்ச் சேர்ந்தபோது வாய் திறந்து பேச முடியாமல் கிடந்தாராம்.

ஃப்ரைஜ் அவரை எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கி, தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, வாசல் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே நின்றுகொண்டேன்.

"மச்சான், இவரு மேல இருக்காருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஏறினதைப் பாத்தேன், எறங்கினதைப் பாக்கல. விடிஞ்சப்ப குடிசையில புகை இல்ல." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏழு வருஷமாப் பேசாமத்தானே இருந்தேன், பாக்காமயா இருந்தேன்?"

நான் நகரவில்லை. "உக்காருங்க. காப்பி குடிக்காம இந்த வாசலைத் தாண்டினீங்கன்னா, இவரைத் திரும்ப மலையிலயே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க!"

சுமந்து வந்த களைப்பில் உட்கார்ந்துவிட்டார். காப்பியையும் குடித்தார். குடித்தபின் அவர் என் விருந்தாளி. உயிரைக் கொண்டுவந்து கொடுத்த விருந்தாளிக்கு ஆடு அறுக்காமல் விட்டால் நான் ஒரு பொம்பளையா? ஆனால் என் ஆடுகளெல்லாம் குளிருக்காகக் கீழே தங்கச்சி வீட்டில் இருந்தன. பட்டி காலி.

இப்படி நேர்ந்தால் எங்களிடம் ஒரு முறை உண்டு. பக்கத்துப் பட்டி ஆட்டைப் பிடிக்கலாம். ஊர் கேட்கச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிடிக்க வேண்டும், பிறகு அதற்கு இணையான ஆட்டைத் திருப்பித் தர வேண்டும். ஆட்டுக்காரர் தடுக்கக் கூடாது. சரி, பக்கத்துப் பட்டி யாருடையது என்று பார்த்தேன். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டிக்குள் இறங்கிக் கையில் அகப்பட்ட கொம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க! நான் நஸ்ரா, என் விருந்தாளிக்காக ஃப்ரைஜ் வீட்டு ஆட்டைப் புடிக்கிறேன்!"

ஃப்ரைஜின் மனைவி சால்ஹா வெளியே ஓடிவந்தாள். "யாருடி உன் விருந்தாளி?"

"உன் புருஷன்தான்க்கா!"

"ஒட்டகம் தேடப் போறேன்னுல்ல போனாரு!"

நடந்ததைச் சொன்னேன்.  அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அதை விடு, அது எலும்பும் தோலும். அந்தக் கறுப்பைப் புடி. அது நல்லாக் கொழுத்துக் கெடக்கு, என்னையும் ரெண்டு தரம் முட்டியிருக்கு."

ஃப்ரைஜ் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரராகத் தடுக்க முடியாது, விருந்தாளியாக வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. இரண்டு வாயும் அவருடையதே, இரண்டையும் மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். ஹ்மெய்த் அறுத்தான். சால்ஹாவும் நானும் சேர்ந்து சமைத்தோம்.

தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். ஸ்வைலிம் நல்ல கறியை எடுத்து ஃப்ரைஜ் பக்கம் தள்ளினார்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உம் ஷோமர்தான் பெரிசு."

ஃப்ரைஜ் மெல்லுவதை நிறுத்தினார். "ஒரே தட்டுல சோறு திங்கும்போது பொய் சொல்லாதடா."

"இல்லண்ணே, நெசமாத்தான்…"

"சும்மா இரு. உன்னைச் சுமந்துக்கிட்டு எறங்கினவன் நான். கத்ரீனாதான் பெரிசு. அந்த அம்பது மீட்டர் எங்க இருக்குன்னு என் முட்டிக்குத் தெரியும். நீ உசிரோட வந்ததுக்காக மலையைக் குட்டையாக்காத."

என்னவர் தாம்பாளத்தின் மேலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். ஃப்ரைஜ் அவருடைய முதுகில் ஓர் அடி போட்டுவிட்டு, இன்னொரு துண்டு கறியை எடுத்துக்கொண்டார்.

வாதுமை பூத்தபோது என் பட்டியிலேயே நல்ல கறுப்பு ஆடு ஒன்றைக் கொண்டுபோய் அவர்கள் பட்டியில் கட்டினேன். சாயங்காலம் அது என் பட்டியில் நின்றது. மறுநாள் திரும்பக் கட்டினேன், திரும்ப வந்தது. சால்ஹாவிடம் சண்டைக்குப் போனேன்.

"நான் என்னடி பண்ணட்டும்? தான் தின்ன விருந்துக்குத் தானே ஆடு வாங்கிக்கிட்டா மானம் போயிரும்ங்குறாரு" என்றாள்.

முறை என்று ஒன்று இருக்கிறதே, நானும் விடவில்லை. அந்த ஆடு இப்போது இரண்டு குட்டி போட்டுவிட்டது. தினமும் காலையில் தாயையும் குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு அவர் வாசலுக்குப் போகிறேன். அவர் திட்டிக்கொண்டே கதவைத் திறக்கிறார். என்னவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்து, "அண்ணே, காப்பி இருக்கா?" என்று கேட்கிறார்.